மலையூரின் சனத்தொகை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் இல்ஃபோர்ட் உணவகம் ஒன்றில் என்னோடு கோப்பை கழுவிய ருமேனியர் நெடிய மனிதர். ஈர விரலால் சுவரில் தன் மலையூரை வரைந்துகொண்டே இருப்பார். என்னைப் போல அவரும் அகதி விண்ணப்பம் போட்டவர். நேர்காணலில் ஊரைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்தார்.

நான் பத்திரிகையில் இருந்தவன் அல்லவா? நூலகத்தில் தேடி, அவ்வூரின் உயரத்தையும் சனத்தொகையையும் மனப்பாடம் செய்ய வைத்தேன்.

"புத்தகம் பிழை. மேல் தெருவில் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்," என்றார் அரைகுறை ஆங்கிலத்தில்.

"புத்தகத்தில் உள்ளதையே சொல்லுங்கள்," என்றேன்.

நேர்காணலில் அவருக்கு எண்கள் மறந்துபோயின. தேவாலயத்திலிருந்து ஆற்றங்கரை வரை, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எது பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். விசா கிடைத்துவிட்டது.

"அண்ணை, உங்கட கேஸ் என்ன மாதிரி?" என்று கேட்டான் யாழ்ப்பாணத்துச் சமையற்காரன்.

என் நேர்காணலில் என் ஊரின் சனத்தொகையை நான் பிசகாமல் ஒப்பித்திருந்தேன்.

"இன்னும் பாக்கினமாம்," என்றேன்.