பதறாத குரல்

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுகிறார்களே, அந்த அறைக்கு அவள்தான் மேற்பார்வையாளர். அங்கே அவளுக்குக் கூல் மேடம் என்று பெயர். அந்தப் பக்கம் குய்யோ முறையோ என்று கத்தினாலும் இந்தப் பக்கம் அவள் குரல் இம்மியும் அசையாது. "அழாதீங்க. மூச்சு வருதான்னு பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு.

இந்த இங்கிலீஷ் பாராட்டுகளை மட்டும் நம்பவே கூடாது. வரும்போது மாலையோடு வரும், வந்து உட்கார்ந்ததும் வேலை வாங்கும். 'கூல்' என்றார்கள், உயிர் போன செய்தியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. 'கம்போஸ்டு', அதாவது நிதானமானவள், என்று பெரிய அதிகாரி கூட்டத்தில் புகழ்ந்தார், யாருக்கும் வேண்டாத ஷிஃப்ட் எல்லாம் அவளுக்கே வந்தது. 'ரொம்ப இண்டிபெண்டென்ட் டைப்' என்ற நாத்தனார், அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மா போனபின் அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பிகளோ, 'அக்காவுக்கென்ன, செல்ஃப் ரிலையண்ட்' என்று போன் செய்வதையே விட்டுவிட்டார்கள். ஆனாலும் பொய் சொல்வானேன், அந்த வார்த்தைகள் காதில் விழும்போது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போகும்.

சோதனை அழைப்பு அவள் கொண்டுவந்த ஏற்பாடு. லீவு நாளில் திடீரென்று தன் செல்போனிலிருந்தே மையத்தைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டார்" என்பாள். எடுத்தவர் குரலை அடையாளம் கண்டு, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு, வண்டி கிளம்பியதாகவும் சொல்ல வேண்டும். வண்டியை அனுப்பும் பட்டனை மட்டும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அதே அறையில் டிரைவர்கள் மேஜையில் மணி அடிக்கும், நிஜ வண்டி புறப்பட்டுவிடும். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் வாத்தியார் என்று பெயர் பெற்ற ஆபரேட்டர், இரண்டு தடவை ஏமாந்து பட்டனை அழுத்திவிட்டார். அறையே சிரித்தது. அவருக்கு அது ஆறவே இல்லை.

அன்று அவளுக்கு லீவு. சமையலறையில் ஏதோ தடாலென்று விழுந்த சத்தம் கேட்டு ஓடினாள். கணவன் தரையில் கிடந்தான். முகம் வெளிறி, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். பேச்சு வரவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது வாத்தியார்.

"என் வீட்டுக்காரர் விழுந்துட்டார். நெஞ்சு வலி. நினைவு இருக்கு. வீட்டுக்கு உடனே வண்டி அனுப்புங்க."

"பதறாதீங்க மேடம். மூச்சு எப்படி இருக்கு?" குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். "வண்டி கிளம்பிடுச்சு மேடம்."

போனில் மணிச் சத்தம் கேட்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்ட மணி.

"வாத்தியாரே, இது டெஸ்ட் இல்ல."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க? இந்தத் தடவை நான் மாட்ட மாட்டேன்."

உண்மைதான், சொல்லியிருந்தாள். அந்தச் சாமர்த்தியத்துக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. "சத்தியமா நிஜம். பட்டனை அழுத்துங்க" என்றாள். அதுவும் அறிவிப்பு வாசிப்பதுபோலவே வந்தது. அழலாம் என்று பார்த்தாள். அழுகை வரவில்லை. பாவி, நாலு பேர் மாதிரி அலறக்கூடத் தெரியவில்லையே உனக்கு!

அப்போது மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது.

"ஐயோ! போறாருய்யா! என்னை விட்டுட்டுப் போறாரு! எனக்கு இவரை விட்டா நாதி இல்லய்யா! வண்டியை அனுப்புய்யா, உன் கால்ல விழறேன்!"

அந்தப் பக்கம் நாற்காலி சாய்ந்தது. மணி அடித்தது. மணி அடித்த பிறகும் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

வண்டி வந்தது. டாக்டர்கள் என்னென்னவோ செய்து அவனைப் பிழைக்க வைத்தார்கள். வாத்தியார் ஆஸ்பத்திரி வாசலில் முகத்தில் ஈயாடாமல் நின்றிருந்தார். அவள் அவரிடம் கோபப்படவில்லை.

மூன்றாம் நாள் கணவன் வாய் திறந்து பேசினான்.

"ஏய், அன்னிக்குக் கத்துனியே. எனக்கு எல்லாம் கேட்டுச்சு."

"சும்மா படுங்க. பேசக் கூடாது."

"இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது நிஜமாவே வந்ததா? இல்ல, வாத்தியாரை நம்ப வைக்கக் கத்துனதா?"

அவளுக்குத் திக்கென்றது. நாதி இல்லை என்று அவள் கத்தியது அவள் சொன்னதிலேயே பெரிய உண்மை. அதை இப்போது இவனிடம் சொன்னால் போதும். அவன் தலையணையிலிருந்து லேசாகத் தலையைத் தூக்கிக் காத்திருந்தான்.

"நிஜம்தாங்க" என்றாள். நிதானமாக, தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது குரல்.

அவன் அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினான். பிறகு அவள் கையைத் தட்டிக் கொடுத்தான்.

"பரவாயில்லடி. எதுவா இருந்தா என்ன, வண்டி வந்துடுச்சுல்ல."