அண்ணி திட்டாத மாதங்கள்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தறி, இந்தப் பக்கம் எங்கள் தறி. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் திட்டு, குழாயில் தண்ணீர் நின்றாலும் திட்டு. எல்லாம் 'ஏண்டி'யில்தான் ஆரம்பிக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை.

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றோடு அந்த 'ஏண்டி' நின்றுபோனது.

"வாம்மா, உக்காரும்மா, வெயில்ல வராதம்மா" என்று ஆரம்பித்துவிட்டார். இவரே சண்டை போடுவதை விட்டுவிட்டார் என்றால் நான் பிழைக்கமாட்டேன் போலிருக்கிறது. யாரிடம் கேட்பது? பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியை வைத்துவிட்டு, நோயின் பெயரை வாயில் எடுக்காமல், "எல்லாம் சரியாயிடும்" என்று எழுந்து போனார்கள். வீட்டுக்காரர் தறியை விட்டுத் தலை நிமிரவே இல்லை. பயத்தோடு நான் தனியாகத்தான் இருந்தேன்.

கீமோவுக்கு அண்ணிதான் துணைக்கு வருவார். பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போதே எனக்குக் குமட்டும். மடியில் எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருப்பார். முடி கொட்டியபோது தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தலைக்குக் கட்டிவிட்டார். தரையெல்லாம் முடி கிடந்தும் ஒரு திட்டு இல்லை.

கீமோ எல்லாம் முடிந்த சமயத்தில் எங்கள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை தீர்ந்தது. புதுப் பாவு ஏற்றும்போது, தறியில் மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இந்த வீட்டில் அது என் வேலை. நானே செய்கிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். மருந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. பட்டு இழை கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் முறுக்கினேன். அண்ணி எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். பாதி முடித்த திருப்தியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தால் அண்ணி என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பிணைத்த இழைகளை இழுத்துப் பார்த்து, கழன்று கையோடு வந்ததையெல்லாம் மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார். நிறைய வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அப்புறம் நல்லா இருக்குன்னு ஏன் சொன்னீங்க? சாகப்போறவதானேன்னு விட்டுட்டீங்களா?"

அண்ணியின் கை நின்றது. "இன்னா பேசற நீ? ஆஸ்பத்திரில கவுன்சிலிங் பண்ற அம்மா சொன்னாங்க, உன் மனசு நோகாம பாத்துக்கணும்னு. அதான் எல்லாத்தையும் முழுங்கிகினு இருக்கேன். திட்றத தவிர எனக்கு வேற இன்னா தெரியும்?"

"நீங்க திட்டாம இருந்தாத்தான் பயமா இருக்குது அண்ணி. செத்துடுவனோன்னு பயமா இருக்குது."

அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரியாயிடும் என்று அண்ணி சொல்லவில்லை. சாம்பல் விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குந்தாண்டி பயமா இருக்குது. பஸ்ல நீ தூங்கசொல்ல மூச்சு வருதான்னு பாத்துகினே வருவேன்."

இருவரும் வாய்விட்டு அழுதோம். பிறகு அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு, என் இழை ஒன்றைச் சுண்டிக் காட்டினார்.

"ஏண்டி, இது ஒரு முறுக்கா? சோறு துன்ற கைதானே இது? ஜல்தியா வந்து உக்காரு. எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீ இழைய பிரிச்சுக் காட்டு, நான் முறுக்கறேன்."

அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை திட்டு வாங்கினேன். பதிலுக்குப் பதில் பேசவும் செய்தேன். அன்று சாயங்காலம் எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போதும் செக்கப்புக்கு வேலூர் போகிறோம். பஸ்ஸில் கண்ணை மூடினால் கொஞ்ச நேரத்தில் மூக்கருகே ஒரு விரல் வரும்.

"நான் இன்னும் தூங்கல அண்ணி" என்பேன்.

"ஏண்டி, கம்முனு தூங்கேண்டி" என்று திட்டு விழும். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்.