பொன்னாயிக்கு ஒரு முகம்

ஒரு படத்துக்குக் கூலியாக அரியமுத்து, வெற்றிச்செல்விக்கு ஆறாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. அவர் படிச்சது மூணாம் வகுப்பு. ஆனால் அரியலூர் ரோட்டில் ஓடுகிற அஞ்சு லாரி அவர் பேரில்தான். எவன் வாசலிலும் கடன்காரனாக நின்றதில்லை. இந்தக் காசை மட்டும், “எங்கம்மாவைக் காட்டு, அப்புறம் வாங்கிக்க” என்று நிறுத்தி வைத்திருந்தார்.

அம்மா பொன்னாயி சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனவள். அவருக்குப் பதினோரு வயசில் செத்துப்போனாள். போட்டோ ஒன்றுகூட கிடையாது. இப்போது அறுபத்தெட்டு வயசில் அந்த முகம் அவருக்கே மறந்துகொண்டு வந்தது. அந்தப் பயத்தில்தான் பெரம்பலூருக்கு வந்தார்.

வெற்றிச்செல்வி அங்கே ஒரு ஸ்டூடியோவில் பதினெட்டு வருஷமாகப் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறவள். வாங்கிப்போக ஆள் வராமல் கிடக்கிற போட்டோ, கிழிந்த கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, வெட்டி ஒட்டிப் படம் செய்வாள். மாடியில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் முகம் இருந்தது. கிட்டப் போனால் முன்னூறு பேருடைய கண்ணும் காதும்.

“இது யாரும்மா?”

“நாந்தாங்க. எம்மூஞ்சிய எங்கெங்கயோ பாத்தேன். எடுத்துக்கிட்டேன்.”

அரியமுத்து அங்கேயே அம்மா படத்துக்குச் சொல்லிவிட்டார்.

பொன்னாயியின் முகத்துக்கு, அரியமுத்துவுடைய அக்காவின் வாக்காளர் அட்டையிலிருந்து நெற்றி, அவருடைய லைசென்ஸிலிருந்து மூக்கு, பேரன் காதுகுத்து பேனரில் இருந்த அவர் மகளின் படத்திலிருந்து தாடை. கண் மட்டும் யாரோ ஒருத்தியுடையது. செத்தவர்களுக்குப் பட்டும் நகையும் ஒட்டித் தருவது ஸ்டூடியோ வழக்கம். அரியமுத்து விடுவாரா? “கழுத்து நெறைய காசுமாலை, அரக்குப் பட்டு. அரியமுத்து அம்மான்னா சும்மாவா?”

படம் முடிந்த அன்றைக்கு வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

“எவ இவ? பண்ணையார் பொண்டாட்டியாட்டம் இருக்கா. எங்கம்மா இல்ல.”

“மூஞ்சி சரியாத்தாங்க இருக்கு. நீங்க கேட்ட நகைதான் மறைக்குது.”

“அவ கண்ணால பாக்காத நகைய நான் போடுறேன். அது தப்பா?”

“தாராளமா போடுங்க. அப்புறம் அவங்கள தேடாதீங்க.”

அவரிடம் இப்படிப் பேசின ஆள் கிடையாது. நகையையும் பட்டையும் விரலால் காட்டினார்.

“எடுத்துடு” என்றார்.

அவள் நகத்தால் நெம்பி உரித்தாள். காசுமாலை வந்தது, பட்டும் வந்தது. கூடவே அடிக்காகிதத்தின் மேல்தோலும் பிய்ந்து, கழுத்திலும் தோளிலும் காதோரத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரத்தது.

“அடடா, கெடுத்துட்டியே!” என்று கத்தினவர் பாதியில் நின்றார்.

சுண்ணாம்புத் தூசி. பொழுது சாய, கழுத்து மடிப்பில் வெள்ளை பூத்து வூட்டுக்கு வருவாளே, அந்தத் தூசி. அதற்கு மேலே எவளோ ஒருத்தியின் கண், ‘தின்னியாடா?’ என்று கேட்டது. ஊரே எழுந்து வணக்கம் சொல்லுகிற மனுஷன், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“மேல புதுசா ஒட்டித் தரட்டுங்களா?”

“தொடாத தாயி.”

சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். பார்வை படத்திலேயே இருந்ததால் ஏழாவது நோட்டில் கணக்குத் தப்பியது. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, பன்னிரண்டு ஐந்நூறையும் அவளுடைய விரித்த உள்ளங்கையில் வைத்தார்.