சனிக்கிழமை தரிசனம்

எனக்கு ஓட்டை வாய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சித்தி என்னை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகளின் வீட்டுக்குச் சனிக்கிழமை மதியங்களில் போய்த் துணைக்கு இருப்பது, தில்லை நகரில் பாங்க் வேலையில் இருந்த சித்தி தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட சேவை. நோயாளியை அவள் பார்த்துக்கொள்வாள். இரவு பகலாகக் கண் விழித்தவர்கள் நாலு மணி நேரம் வெளியே போய் வரலாம்.

அந்த வீட்டு மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய். நாங்கள் போனதும் அத்தை, அதாவது அவர் மனைவி, முகம் கழுவிப் புடவை மாற்றி, "கோயிலுக்குப் போயிட்டு வரேங்க" என்று கிளம்புவார். திரும்பி வந்து துளசியை மாமாவின் கண்ணில் ஒற்றுவார்.

ஒரு சனிக்கிழமை துளசிப் பொட்டலத்தோடு அத்தையின் கைப்பையிலிருந்து ஒரு சீட்டும் என் காலடியில் விழுந்தது. சினிமா டிக்கெட், அன்றைய மதியக் காட்சி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்க, பெருமாள் பேரைச் சொல்லிவிட்டுப் படம் பார்ப்பதா? ஒரு வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த முறை சித்தி அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போட்டு உடைத்துவிட்டேன். "மாமா, அத்தை கோயிலுக்குப் போகல. சினிமாவுக்குப் போறாங்க."

கோபப்படுவார், இல்லை அழுவார் என்று பார்த்தேன். அவர் சிரித்தார்.

"தெரியும் பாப்பா. துளசிலயே பாப்கார்ன் வாசனைல்ல வருது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்புறம் போகவே மாட்டா. நீ சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்று மாலை அவர், "கோயில்ல கூட்டமா?" என்று கேட்டார். "நிக்கவே இடமில்லைங்க" என்றார் அத்தை. ராஜகோபுரம் தெரிகிற வீட்டில் இருவரும் இப்படிப் புளுகுகிறார்களே என்று மாறி மாறிப் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் மாமா இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அத்தை சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

"சாமி பேரைச் சொல்லி அவரை ஏமாத்திட்டேன்க்கா. சினிமாவுக்குப் போனேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. இந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கரைப்பேன்?"

சித்தி திகைத்து நின்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை இறுக மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், காவிரிப் பாலம் தாண்டும்வரை பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தியம் மாமா இருக்கும்வரைக்கும்தான் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.