ஷரீஃபாவுக்கு ஒரு பொட்டலம்

வாழையிலையில் சோறு, சோற்றின்மேல் வெண்டைக்காய், அதன்மேல் மூன்று வகைக் குழம்பு. பழைய பேப்பரின் மூலையை இழுத்து மடித்து ரப்பர் வளையத்தைச் சுண்டிவிடுகிறார் காஜா மொய்தீன். வாங்க வந்தவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. அவருக்கு வேண்டியது இதுதான் என்று மொய்தீனுக்குத் தெரியும்.

பினாங்கு குயின் ஸ்ட்ரீட்டின் அந்த நாசி கண்டார் சோற்றுக் கடையில், என்னைப்போல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. "கொறை இருந்தா அவன் இங்கயே கத்திருவான் லா. புங்குஸ்னு பொட்டலம் கட்டிட்டுப் போறவன் வீட்ல போயில்ல பிரிப்பான்? அங்க நான் இருப்பேனா?" என்பார். ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் டீச்சர் குணவதிக்குக் குழம்பு தனிப் பையில் போகவேண்டும். பாலம் கட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு குழம்பில் மிதக்கவேண்டும். குமாஸ்தா ஏரம்பமூர்த்தி வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். அன்று மீன் குழம்பில் மீன் இருக்கக்கூடாது, குழம்பு இருக்கலாம். இந்தத் தத்துவத்தையும் மொய்தீன் முகம் சுளிக்காமல் கட்டிக்கொடுக்கிறார்.

இப்பேர்ப்பட்டவருக்குத் தம் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்பது தெரியாது.

கல்யாணமாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. எப்போதாவது விடுப்பில் கடையநல்லூருக்குப் போவார். ஷரீஃபா பரிமாறுவாள். இவர் கைகழுவி எழுந்து வாசல் பக்கம் போனபிறகு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். வீட்டு வழக்கம் அது, குறையாகத் தோன்றியதில்லை. கடல் தாண்டி வந்து யார் யாருக்கோ பொட்டலம் கட்டும்போதுதான், தம் மனைவி ஒரு வாய் சோறு உண்டு தாம் பார்த்ததே இல்லை என்று உறைத்திருக்கிறது.

இப்போது அவள் விசிட் பாஸில் வந்திருக்கிறாள். தங்கல், கடையின் பின்னறையில். முதல் நாள் ஆட்டுக்கறி கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைக் கவனிக்க ஓடிவந்தார். பிறகு போய்ப் பார்த்தால் இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மனிதருக்குப் பெருமை. மறுநாள் மீன்தலை, இலை சுத்தம். கணவாய், சுத்தம். சந்தேகம் வந்து வெறும் பருப்பை ஊற்றிக் கொடுத்தார். அதுவும் சுத்தம்.

"எது புள்ள நல்லா இருந்துச்சு?"

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்."

எல்லா விடைக்கும் முழு மதிப்பெண் போடும் வாத்தியாரிடம் எதைக் கற்றுக்கொள்வது?

டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் அய்யாக்கண்ணு சீண்டினான். "ஏண்ணே, பினாங்குல பாதிப் பேரு நாக்கு ஒங்களுக்குத் தெரியும். வீட்டு நாக்கு தெரியலயே லா!"

கடையே சிரித்தது. மொய்தீன் சிரிக்கவில்லை.

"பாஸ் முடியுதுடா. திங்கக்கெழம கப்பலு. இனிமே எப்ப வருவாளோ, நான் எப்பப் போவேனோ. எதத் தின்னா அவ மொகம் மலரும்னுகூடத் தெரியாம ஏத்தி விடப்போறேன்."

நேற்று மதியம் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. மொய்தீன் பெரிய இலையாகப் பார்த்து விரித்தார். நடுவில் சோறு, சுற்றிலும் ஒன்றோடொன்று படாமல் எல்லாக் கறியிலும் ஒரு துண்டு, எல்லாக் குழம்பிலும் ஒரு கரண்டி. மடிக்கவில்லை. தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். கடைசி மேசையில் இருந்த எனக்குத் திறந்த கதவு வழியே தெரிந்தது.

ஷரீஃபா பதறி எழுந்தாள். தட்டை வாங்கித் தரையில் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"மொதல்ல நீங்க சாப்புடுங்க மச்சான்."

"அண்ணே! புங்குஸ் என்னாச்சு? எவ்ளோ நேரம் லா?" முன்னால் குரல்கள் எழுந்தன.

மொய்தீன் திரும்பவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.