விமானத்துக்கு முன்னால் ராட்டினம்

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை. அதனாலேயே விமானத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. செங்கோட்டை பஸ்ஸில் போனாலே கம்பியை விடாமல் பிடித்துக்கொள்கிறவர் அப்பா. விமானம் பத்திரமானது என்று அத்தைக்குப் புத்தி சொல்லும் வேலை அவர் தலையில் வந்து விழுந்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கொழும்பில் கடை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கையில் கொதிக்கிற பால் கொட்டிவிட்டது, உடம்பு தேறட்டும் என்று கப்பலில் ஊருக்கு வந்தாள். அந்த மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்து கப்பல் நின்றுபோகவே எங்களோடேயே தங்கிவிட்டாள். ஆனி மாதம் மாமா, திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஆகாசத்துல போவப் பயமாயிருக்குண்ணே" என்று அத்தை ஒரே பிடியாக நின்றாள். சாப்பாட்டில் கை வைப்பாள், அப்படியே எழுந்துவிடுவாள்.

அடுத்த தெரு ராவுத்தர் புடவை வியாபாரத்துக்காக விமானத்தில் போய்வந்தவர். அப்பா அவரைக் கூட்டிவந்தார்.

"காது அடைக்கும் அண்ணாச்சி. பெப்பர்மிண்ட் குடுப்பாவ, பஞ்சு குடுப்பாவ. வாந்தி வந்தா அதுக்கும் பை வச்சிருக்கான். மெத்த மாதிரி சீட்டு. குத்தாலத்து ராட்டினத்துல உக்காந்து எந்திரிச்சாப் போதும், பிளேன்லாம் ஒண்ணுமேயில்ல" என்றார்.

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ராட்டினத்தில் தேறிவிட்டால் அத்தை போகவேண்டும் என்று முடிவாயிற்று.

நாங்கள் குற்றாலம் போனபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. நாலு மரப்பெட்டி தொங்கும் ராட்டினம். இரண்டு பேர் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். ஒரு பெட்டியில் அத்தையும் நானும் உட்கார்ந்தோம். அப்பா ஏறவில்லை, கீழே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பெட்டி கிளம்பியதும் அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, கண்ணைத் தொறந்து பாரு. அருவி தெரியுது" என்றாள் அத்தை.

பயந்துகொண்டே நிமிர்ந்தேன். அத்தை கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. சாரலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பயம் போய்விட்டது.

ராட்டினம் நின்றது. இறங்கி நாலடி வைப்பதற்குள் அத்தை ஈரத்தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தலை சுற்றுகிறது, நெஞ்சை அடைக்கிறது, என்னால் முடியாது என்று புலம்பினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அப்பா அவளை நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, மேல இருக்கயில அத்தை என்ன செஞ்சா? உள்ளதைச் சொல்லு."

பிடி இன்னும் இறுகியது. வலித்தது. ஆனால் அப்பாவிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"சிரிச்சா" என்றேன்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். நனைந்த ரவிக்கைக் கை மேலே ஏறியிருந்தது. முழங்கைக்கு மேல் தழும்பு வரிவரியாக இருந்தது. பால் கொட்டினால் அப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா குனிந்து, அந்தக் கையை மெதுவாக என்னிடமிருந்து விடுவித்தார்.

"எந்திரிம்மா. பிளேன் ஒனக்கு ஒத்துக்கிடாது. நாளைக்கே தந்தி குடுத்துருதேன். இனி கப்பலே விட்டாலும் நீ போவ வேண்டாம்" என்றார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அத்தை சிரித்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் என் சொல்லை அப்பா துளிகூட நம்பவில்லையே என்று, பஸ் தென்காசி வந்து சேரும்வரை அவரோடு நான் பேசவே இல்லை.