கண்ணாடியில் நரேன்

லேக் மார்க்கெட் பக்கம் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தவள் ஷியாமளா. படம் பிடிப்பவன் அவள் கணவன் நரேன். 2003இல் பஸ் மோதி அவன் இறந்தபோது கேமராவும் டேப்பும் நசுங்கிப்போயின. முந்தின நாள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த, சால்ட் லேக் பகுதியில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ மட்டும் மிஞ்சியது.

அதை ஓட்டினால், மணப்பெண் அறைக் கண்ணாடியில் படம்பிடிக்கும் நரேன் தெரியும் இடத்தில் படம் உறைந்துவிடும். கம்ப்யூட்டரை அணைத்தால்தான் அவன் முகம் போகும். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போகவே ஷியாமளா பயந்தாள்.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சாந்தினி சௌக்குக்குப் போய், இரண்டு பிராசஸர் பொருத்தும் மதர்போர்டு, கடையில் இருந்ததிலேயே அதிக மெமரி, வேகமான ஹார்ட் டிஸ்க் என்று விசாரித்து விசாரித்து எடுத்தாள்.

"கல்யாண வீடியோவுக்கு இவ்வளவு எதுக்கு, தீதி?" என்று அக்கா முறை வைத்து வங்காளியில் கேட்டார் கடைக்காரர்.

"படம் நிக்காம ஓடணும், தாதா" என்று அவளும் அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

அவற்றைக் கொண்டு பொருத்திய புதுக் கம்ப்யூட்டரில் படம் நிற்காமல்தான் ஓடியது. நரேன் ஒரு நொடி தெரிந்து மறைந்தான். அடுத்து, படம் உறைந்ததால் அவள் அதுவரை ஓட்ட முடியாத பகுதியிலிருந்து அவன் குரல் வந்தது.

"ஷியாமு, கண்ணாடியில என் முகம் விழுந்துடுச்சு பாரு. இதை வெட்டிடு."

ஷியாமளா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவன் சொன்னபடியே வெட்டினாள்.

கல்யாண வீட்டாருக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. வெட்டிய துண்டை அவள் அழிக்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கவும் துணியவில்லை.